இரண்டு அரசுகளுக்குக் கப்பம் கட்டிய ஹுன்சா

கேள்வி: காரகோரம் மலைகளுக்கு நடுவே இருந்த ஹுன்சா என்ற இஸ்மாயிலி (ஷியா இஸ்லாத்தின் ஒரு பிரிவு) அரசு சீனாவுக்கும் காஷ்மீருக்கும் ஒரே காலத்தில் கப்பம் கட்டியதாகப் படித்தேன். ஒரு நாடு இரண்டு எசமானர்களை எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்? – கும்பகோணம் வாசகர்

பதில்: ஹுன்சா இருவரையும் எசமானர்களாக ஏற்றுக்கொண்டதா என்பதே ஐயத்துக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் சிங்சியாங் சீனப் பேரரசின் கைக்குப் போன பிறகு, ஹுன்சாவின் மன்னர்களான மீர்கள் ஆண்டுதோறும் அங்குள்ள காஷ்கர் நகருக்கு ஒன்றரை அவுன்ஸ் பொற்றூள் அனுப்பி, பதிலுக்குப் பட்டு முதலிய பரிசுகளைப் பெற்று வந்தனர். சீன அதிகாரிகள் இதைத் திறை என்று கணக்கெழுதினார்கள். மீர்களின் பார்வையில் அது தக்தும்பாஷ், ரஸ்கம் ஆகிய வடக்கு மேய்ச்சல் நிலங்களைத் தொடர்ந்து அனுபவிப்பதற்கான மலிவான விலை. அங்கே மந்தை மேய்த்த கிர்கிஸ் மக்களிடம் மீர்களே வரி வசூலித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வணிகத்தில் நட்டப்பட்டவர் யார் என்று சொல்வது கடினம்.

தெற்கே நிலைமை வேறு. ஹுன்சாவுக்குத் தெற்கே உள்ள கில்கித்தைப் பிடித்த, காஷ்மீரை ஆண்ட டோக்ரா அரச மரபின் படைகள் 1848இல் ஹுன்சாவைத் தாக்கப் போய்த் தம் தளபதி நாது ஷாவை இழந்து திரும்பின. அதன் பின் சுமார் இருபது ஆண்டுகள் கழித்தே குதிரை, வேட்டைநாய், பொற்றூள் என்று ஒரு கப்பம் மகாராஜாவுக்கும் போகத் தொடங்கியது. பனியாற்று நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து படிவயல்களில் பயிரிட்ட அந்தப் பள்ளத்தாக்குக்கு விளைநிலம் மிகக் குறைவு என்பதால், சிங்சியாங்கின் யார்க்கந்துக்கும் லடாக்கின் லே நகருக்கும் இடையே சென்ற வணிகக் கூட்டங்களைக் கொள்ளையடிப்பதும் அரசின் வருவாயாகவே இருந்தது. சிலர் எழுதுவது போல அதை வீரம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை; அந்தக் கொள்ளையில் பிடிபட்டவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

இந்த இரட்டைக் கணக்கு பிரிட்டிஷ்–ரஷ்யப் போட்டி மூண்டதும் குலைந்தது. 1886இல் தந்தையைக் கொன்று அரியணை ஏறிய சப்தர் அலி, 1888இல் ரஷ்ய அதிகாரி குரோம்செவ்ஸ்கியை வரவேற்றார். மறுஆண்டு பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்டையும் சந்தித்தார். இந்தியாவுக்கு வந்ததுண்டா என்று யங்ஹஸ்பண்ட் கேட்டபோது, தம்மையும் அலெக்சாந்தரையும் போன்ற பேரரசர்கள் சொந்த நாட்டை விட்டு வெளியே செல்வதில்லை என்று அவர் சொன்னாராம். பஞ்சாப் வரை படை நடத்தி வந்தவரைப் பற்றிய கூற்று இது! 1891 டிசம்பரில் பிரிட்டிஷ் படை வந்தபோது, ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த பரம்பரைப் பகை அரசான நகரும் (அது அந்நாட்டின் பெயரே) ஹுன்சாவோடு சேர்ந்து போரிட்டது. நில்த் கோட்டை 2ஆம் தேதியே விழுந்தது. ஆனால் அதற்கு அப்பாலிருந்த செங்குத்துப் பாறையரண்களைக் கடக்க மேலும் இரண்டரை வாரங்களுக்கு மேல் பிடித்தது. சப்தர் அலி சீன எல்லைக்குள் ஓடிப்போனார். அவருடைய தம்பி நாஜிம் கான் 1892இல் மீராக்கப்பட்டபோது, அந்தச் சடங்கில் சீனப் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்தார்கள். காஷ்கருக்கான பொற்றூளும் பிரிட்டிஷார் 1937இல் நிறுத்தும் வரை போய்க்கொண்டே இருந்தது.

கேள்வி: இந்தப் போராட்டங்களில் இஸ்மாயிலி சமயத்துக்குப் பங்கு உண்டா? – மதுரை வாசகி

பதில்: போருக்குக் காரணம் ரஷ்யாவும் பிரிட்டனும் போட்டியிட்ட மலைக் கணவாய்களே, சமயம் அன்று. ஹுன்சா அரச குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான், படக்‌ஷான் (இன்றைய ஆப்கானிஸ்தான், தாஜிகிஸ்தான்) பகுதியிலிருந்து வந்த சமயகுருமாரின் வழியாக இஸ்மாயிலி நெறியை ஏற்றது. எதிர்க்கரை நகர் பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷியா நாடாகவே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஹுன்சா மக்கள் தம் இமாமாகப் போற்றிய ஆகா கான் 1840களிலேயே ஈரானை விட்டு இந்தியாவுக்கு வந்து பம்பாயில் குடியேறிவிட்டார். ஆகவே 1891இல் மீரின் ஆன்மிகத் தலைமை இருந்ததும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியில்தான். சமயத்தின் உண்மையான தாக்கத்தைப் பின்னாளில்தான் காண்கிறோம்: 1946இல் மூன்றாம் ஆகா கானின் வைரவிழாவையொட்டித் தோன்றிய பள்ளிகள் அப்பகுதியின் கல்வியை மாற்றின.

கேள்வி: அந்த அரசு எப்போது மறைந்தது? – கோவை வாசகர்

பதில்: மீர் முகம்மது ஜமால் கான் 1947 நவம்பரில் பாகிஸ்தானுடன் இணைவதாக அறிவித்தார், காஷ்மீரின் பகுதி என்ற முறையில் இந்தியா அதை ஏற்கவில்லை. உள்விவகாரங்களில் தன்னாட்சியோடு நீடித்த மீரின் அரசை 1974இல் பாகிஸ்தான் பிரதமர் பூட்டோவின் அரசு கலைத்தது. மீர்கள் வாழ்ந்த பல்தித் கோட்டை பழுதுபார்க்கப்பட்டு 1996 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.