ஃபாரெக்ஸ் ஆப்பில் லாபம் காட்டுகிறது, எடுக்கப் போனால் ‘முதலில் வரி கட்டு’ என்கிறார்கள். கட்டலாமா?

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு பதிவு பெற்ற புரோக்கரிடம் பங்குகளும், கமாடிட்டி எக்ஸ்சேஞ்சான எம்.சி.எக்ஸில் வெள்ளி மினி என்ற சிறிய ஒப்பந்தமும் டிரேட் செய்கிறேன். போன வருடம் டெலிகிராம் குழுவில் அறிமுகமான ஒருவர் சொல்லி ஒரு வெளிநாட்டு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) ஆப்பில் சேர்ந்தேன். யூரோ-டாலரும் தங்கமும்தான் டிரேட் செய்வேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு லட்சம் போட்டிருக்கிறேன். ஒருமுறை 40,000 ரூபாய் எடுத்துப் பார்த்தேன், வந்தது. இப்போது கணக்கில் 17,000 டாலர் காட்டுகிறது. மொத்தமாக எடுக்கக் கேட்டால், 15 சதவீத வரியை அவர்கள் தரும் யூபிஐ ஐடிக்குத் தனியாகக் கட்டினால்தான் பணம் வருமாம். இதற்கிடையில் என் வங்கிக் கணக்கை வேறு முடக்கிவிட்டார்கள், காரணமும் சொல்லவில்லை. வரியைக் கட்டிவிடட்டுமா? புகார் கொடுத்தால் நானே மாட்டிக்கொள்வேனா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட. மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அந்த யூபிஐ ஐடியை மூடி வையுங்கள்.

இந்தியாவில் நீங்கள் வருமான வரி கட்டுவது உங்கள் பான் எண்ணின் பேரில், வருமான வரித்துறையின் தளத்தில் சலான் போட்டு. இல்லையென்றால் பணம் தருபவர் அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார், டெபாசிட் வட்டியில் வங்கி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பணத்தை உங்களிடமே தருவதற்கு முன்னால் நீங்கள் தனியாக ஒரு தொகையை, அதுவும் யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எந்தச் சட்டத்திலும் கிடையாது. சந்தேகமாக இருந்தால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: “17,000 டாலரில் உங்கள் 2,550ஐக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.” உடனே ‘கம்பெனி பாலிசி’ என்பார்கள், ‘கணக்கு லாக் ஆகியிருக்கிறது’ என்பார்கள், பணமோசடித் தடுப்புச் சட்டம் என்று பெரிய பெரிய வார்த்தையாக வரும். கழிக்க மட்டும் மாட்டார்கள், ஏனென்றால் கழிப்பதற்கு அங்கே பணம் இல்லை. நீங்கள் வரியைக் கட்டினால் அடுத்து வெரிஃபிகேஷன் கட்டணம் என்று ஒன்று வரும், அதையும் கட்டினால் டாலரை ரூபாயாக மாற்றும் கட்டணம் வரும். உங்களிடம் தீரும் வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அப்படியானால் அந்த 17,000 டாலர் என்ன? திரையில் ஒரு எண், அவ்வளவுதான். நீங்கள் எம்.சி.எக்ஸில் ஒரு லாட் (ஒரு ஒப்பந்த அளவு) வாங்கும்போது எதிரே விற்பவர் ஒருவர் இருக்கிறார், நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் பொறுப்பேற்று நிற்கிறது, உங்கள் புரோக்கருக்கு அதில் தரகு மட்டும்தான். இந்த ஆப்களில் பெரும்பாலும் எதிர்த்தரப்பே அந்தக் கம்பெனிதான், நீங்கள் தோற்றால் அவர்களுக்கு லாபம். அதிலும் உங்களுடையதைப் போல ‘வரி’ கேட்கும் ரகம் பெரும்பாலும் சந்தைப் பக்கமே போவதில்லை, விலைக்கோட்டை மட்டும் நிஜச் சந்தையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு உங்கள் ஆர்டரைத் தன் சர்வரிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த ஏற்ற இறக்கம் நிஜம், உங்கள் டிரேடு நிஜமில்லை.

ஒருவேளை நிஜமாகவே வெளிநாட்டில் இயங்கும் கம்பெனியாக இருந்தாலும் கதை பெரிதாக மாறாது. 1:500 லிவரேஜ் என்று ஆசை காட்டியிருப்பார்கள். 1,000 டாலரை வைத்து 5 லட்சம் டாலருக்கு வாங்கலாம் என்றால், விலை 0.2 சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே அந்த 1,000 முழுதும் போய்விடும். யூரோ-டாலர் அவ்வளவு நகர ஒரு சாதாரண மதியப்பொழுது போதும்.

இனி முடங்கிய கணக்கு. நீங்கள் இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது, எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருமுறை 40,000 வந்ததே, அதை நீங்கள் நம்பிக்கைக்கு ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்து அந்தப் பணம் யார் பெயரிலிருந்து வந்தது என்று பாருங்கள். கம்பெனி பெயர் இருக்காது. எங்கோ ஒரு டிராவல்ஸ், ஒரு என்டர்பிரைசஸ், அல்லது பெயர் தெரியாத தனிநபர். இந்தக் கும்பல்கள் தங்கள் பணத்தை யாருக்கும் தருவதில்லை, வேறு மாநிலத்தில் உங்களைப் போலவே ஏமாந்த ஒருவர் போட்ட பணத்தைத்தான் உங்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அவர் சைபர் குற்றப் புகார் கொடுத்ததும் போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் தேடிக்கொண்டு வருகிறது, அந்த வழியில் உங்கள் கணக்கும் நிற்கிறது. அநேகமாக நடந்தது இதுதான். யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ வாங்கி விற்று எடுத்திருந்தாலும் இதே கதைதான், ரூபாய் யாரோ ஒருவர் கணக்கிலிருந்துதானே வந்திருக்கும்.

வங்கிக் கிளையில் போய் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், ‘மேலிடத்து உத்தரவு’ என்று அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, பிரச்சினைக்குரிய தொகை எவ்வளவு. உங்கள் கணக்கில் மூன்று லட்சம் இருந்து பிரச்சினை 40,000க்கு என்றால், அந்த 40,000ஐ மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுவிக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல, சந்தேகத்துக்குரிய தொகையோடு நிறுத்துங்கள் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர்நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. சொல்லியும் கிளைகளில் இன்னும் சம்பளம் வரும் கணக்கைக்கூட ஒரே அழுத்தில் முடக்கிவிட்டு, ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் காரணம்கூடப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஏடிஎம்மில் கார்டு வேலை செய்யாதபோதுதான் பலருக்குத் தெரியவே வருகிறது. பதில் வராவிட்டால் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன்.

அடுத்தது உங்கள் நிஜமான பயம், புகார் கொடுத்தால் மாட்டிக்கொள்வேனா என்பது. பூசி மெழுகாமல் சொல்கிறேன். இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாத தளத்தில் அந்நியச் செலாவணி டிரேட் செய்வது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. வருடத்துக்கு 2,50,000 டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற எல்.ஆர்.எஸ். விதியைக் காட்டி இது சட்டப்படிதான் என்று அந்தக் குழுவில் சொல்லியிருப்பார்கள். அந்த விதியின்கீழ் வெளிநாட்டு புரோக்கருக்கு மார்ஜின் பணம் (டிரேடுக்கான பிணைத்தொகை) அனுப்ப அனுமதி இல்லை. மீறலுக்குச் சட்டம் சொல்லும் அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை. ஆனால் நீங்கள் பேசாமல் இருந்தால் இது மறைந்துவிடும் என்று நினைப்பதும் தவறு, உங்கள் கணக்கு எண் ஏற்கனவே ஒரு போலீஸ் கோப்பில் இருக்கிறது. இப்போது அந்தக் கோப்பில் நீங்கள் ‘மோசடிப் பணம் வாங்கியவர்’. நீங்களும் புகார் கொடுத்தால்தான் ‘ஏமாந்தவர்’ என்ற பக்கத்துக்கு வருவீர்கள். சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள், ஃபாரெக்ஸ் என்பதை மறைத்து ‘ஆன்லைன் முதலீடு’ என்று மழுப்பினால் நாளைக்கு உங்கள் ஸ்டேட்மென்ட்டே உங்களுக்கு எதிராகப் பேசும். ஆறு லட்சம் சின்னத் தொகை இல்லை, புகாரை எழுதும் முன் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பணம் திரும்ப வருமா? பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930க்குச் சொல்பவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது, நடுவழியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வருடம் முன்பு போட்டது அநேகமாகப் போனதுதான். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று எழுதவில்லை. போன வாரம் என்றால் இதைப் படித்து முடிக்காதீர்கள், முதலில் போனைப் போடுங்கள்.

‘அப்படியென்றால் இந்தியாவில் கரன்சி டிரேடிங்கே தப்பா’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. என்.எஸ்.இ., பி.எஸ்.இ.யில் டாலர்-ரூபாய், யூரோ-ரூபாய், பவுண்டு-ரூபாய், யென்-ரூபாய் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. டாலர்-ரூபாய் லாட் 1,000 டாலர். உங்கள் புரோக்கரிடமே செய்யலாம், சட்டப்படியானது. ஆனால் உங்களுக்கு நிஜமாகவே ஒரு அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும், அதன் ஆபத்தைக் குறைக்கத்தான் இந்தச் சந்தை என்கிறது ரிசர்வ் வங்கி. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 5,000 டாலர் இன்வாய்ஸ் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் மென்பொருள்காரர் டாலர் விழுந்துவிடுமோ என்று ஐந்து லாட் விற்று வைத்தால், அது சரி. மகனின் வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு டாலரில் பில் வந்துவிட்டது, கட்ட இரண்டு மாதம் இருக்கிறது, அந்த அளவுக்கு வாங்கி வைக்கிறீர்கள், அதுவும் சரி. டாலர் ஏறும்போலத் தோன்றுகிறது என்று வாங்கினால் சரியில்லை. இதில் வேடிக்கை, 10 கோடி டாலர் வரை இந்தத் தேவைக்கான ஆதாரத்தை நீங்கள் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தேவை இருந்தாக வேண்டும். கேட்க மாட்டார்கள், ஆனால் இருக்க வேண்டும்! 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இதைச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போட்டது, ஏப்ரலில் புரோக்கர்கள் ஆதாரம் கேட்டு மெயில் அனுப்பியதும் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு வெளியேறினார்கள், உடனே ரிசர்வ் வங்கி ‘விதி எப்போதும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லி அந்தச் சுற்றறிக்கையின் அமலை மே 3 வரை தள்ளிப்போட்டது. எப்போதும் இப்படித்தான் என்றால், இத்தனை வருடமாகச் சும்மா ஊகத்துக்கு டிரேட் செய்தவர்களை யாரும் ஏன் கேட்கவில்லை? சட்டத்துக்குள் இருந்த சந்தையை ஆள் இல்லாததாக்கிவிட்டு, வெளியே இருக்கும் ஆப்களை விளம்பரம் செய்ய விட்டால் ஜனங்கள் எங்கே போவார்கள்?

அதே ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து அனுமதி இல்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. முதலில் 34 பெயர், பிறகு கூட்டிக்கொண்டே போகிறார்கள். உங்கள் ஆப் அதில் இருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. இல்லை என்றால் அது அனுமதி பெற்றது என்று அர்த்தமில்லை, பட்டியல் முழுமையானது அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்கள் ஒரு பெயரைச் சேர்ப்பதற்குள் கும்பல் பெயரை மாற்றி, லோகோ மாற்றி, புது டெலிகிராம் குழுவில் உட்கார்ந்துவிடும்.

அந்த டெலிகிராம்காரரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அவர்மேல்தான் கோபம். இவர்களுக்கு ‘ஐ.பி.’ என்று பெயர், ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட். நீங்கள் போடும் ஒவ்வொரு லாட்டுக்கும் இவருக்குக் கமிஷன், சில இடங்களில் நீங்கள் இழப்பதில் ஒரு பங்கு. அதனால்தான் ‘இன்னும் ஒரு டிரேடு போடுங்க சார்’ என்று அவ்வளவு அக்கறை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பதிவு எண் என்று ஏதாவது காட்டியிருந்தால் செபி தளத்தில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வேறு யாருடையதாவது இருக்கும். உண்மையான எண்ணாகவே இருந்தாலும் பயனில்லை, செபி பதிவை வைத்துக்கொண்டு அனுமதியில்லாத ஃபாரெக்ஸ் தளத்துக்கு ஆள் சேர்க்க யாருக்கும் உரிமை கிடையாது.

உங்கள் பங்குக் கணக்கும் வெள்ளிக் கணக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்: புரோக்கரின் பதிவு எண் ஐ.என்.இசட். என்று தொடங்குகிறதா, ஒவ்வொரு டிரேடுக்கும் கான்ட்ராக்ட் நோட் (டிரேடு விவரச் சீட்டு) வருகிறதா, எக்ஸ்சேஞ்சிலிருந்தே தனியாக எஸ்.எம்.எஸ். வருகிறதா. கமாடிட்டியும் 2015 செப்டம்பரிலிருந்து செபியின்கீழ்தான், இரண்டுக்கும் ஒரே சோதனை. அந்தக் குழுவிலேயே யாராவது ‘மார்ஜின் வேண்டாம், வரி வேண்டாம், எம்.சி.எக்ஸ். ரேட்டிலேயே வெள்ளி போட்டுத் தருகிறேன்’ என்றால் அது டப்பா டிரேடிங், எக்ஸ்சேஞ்சுக்கே போகாதது, அதுவும் குற்றம்.

அடுத்த சில வாரங்களில் உங்களுக்கு இன்னொரு அழைப்பு வரும். ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்பார்கள், சைபர் நிபுணர் என்பார்கள், சிலர் அதிகாரி என்றே சொல்வார்கள், நீங்கள் இழந்த தொகைகூட அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். எப்படித் தெரியும்? ஏமாந்தவர்களின் பட்டியலையும் விற்கிறார்கள், அல்லது அதே கும்பலே வேறு குரலில் கூப்பிடுகிறது. போலீசோ வங்கியோ நீதிமன்றமோ பணத்தை மீட்க முன்பணம் வாங்குவதில்லை. போனை வைத்துவிட்டு அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, அவசரமான வேலை ஒன்று. வரி கட்ட மாட்டேன் என்று சொன்ன மறுநிமிடம் உங்களைக் குழுவிலிருந்து நீக்குவார்கள், ஆப் லாகினும் வேலை செய்யாது. அதனால் சொல்வதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்துவிடுங்கள்: கணக்கு இருப்பு, வரி கேட்ட செய்தி, அவர்கள் தந்த ஒவ்வொரு யூபிஐ ஐடியும் கணக்கு எண்ணும், அந்த ஆளின் டெலிகிராம் பெயர். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வேறொரு போனிலோ மெயிலிலோ வையுங்கள். உங்கள் பக்கத்து யூடிஆர் எண்கள் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்குமான அடையாள எண்) ஸ்டேட்மென்ட்டில் இருக்கும், 1930-ல் முதலில் கேட்பது அதைத்தான்.