சல்யூட் சரிதான், சாட்சிக் கூண்டுதான் இடிக்கிறது

கேள்வி: நான் கணியம்பாடி பக்கத்தைச் சேர்ந்தவள், சட்டப்படிப்பு இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அண்ணன் இப்போது நாயக். ராணுவ வழக்கறிஞர்களைப் பற்றிய ‘ஜாக்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரை வீட்டில் சேர்ந்து பார்த்து வருகிறோம். “இவர்களுக்குச் சல்யூட் அடிக்கவே தெரியவில்லை” என்று அப்பா கேலி செய்கிறார். லீவில் வந்திருக்கும் அண்ணனோ, “நம்ம ஆர்மியில் இப்படி ஒரு கோர்ட்டே கிடையாது, எல்லாம் சி.ஓ. (கமாண்டிங் அதிகாரி) அறையிலேயே முடிந்துவிடும்” என்கிறான். எனக்கு நம் ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜாக்கிலேயே சேர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. இதற்கிடையில், லீவு முடிந்து 19 நாள் தாமதமாகப் போன பக்கத்து வீட்டுப் பையன்மீது வழக்கு வந்திருக்கிறது. அவன் அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்ப்பவர். “கோர்ட்டில் வக்கீல் வந்து கேட்டுக்கொள்வார், அதுவரை நீ வாயைத் திறக்காதே” என்று போனில் சொல்லிவிட்டார். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொடரைப் பார்க்கும் நால்வரில் உண்மைக்கு மிக அருகில் இருப்பவர் உங்கள் அண்ணன்; மிகுந்த இழப்பை உண்டாக்கக்கூடியது பக்கத்து வீட்டு அம்மாவின் ஆலோசனை. ஆகவே தொடரைப் பற்றிய வழக்கைச் சற்றுச் சுருக்கமாகவும், அந்தப் பையனுக்குத் தேவையானதைச் சற்று விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தந்தையாரின் குறை. ‘ஜாக்’ தொடர் 1995 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. அதில் வருபவர்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் கடற்படையினரும் மரைன் படையினரும் ஆவர். நம் தரைப்படையில் பிரிட்டிஷ் வழக்கப்படி உள்ளங்கை எதிரே நிற்பவருக்கு முழுமையாகத் தெரியும்படி சல்யூட் வைக்கிறோம். அமெரிக்கர்கள் அவ்வாறு காட்டுவதில்லை. நம் கடற்படையிலும் உள்ளங்கை தரையைப் பார்த்தவாறே இருக்கும். தாரும் கயிறும் பட்டுக் கறுத்த கையை மேலதிகாரிக்குக் காட்டக் கூடாது என்பதால் வந்த வழக்கம் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். எனவே இந்த ஒரு விஷயத்தில் தொடர்மீது பிழையில்லை. சீருடை, பதக்கம், சல்யூட் ஆகியவற்றைக் கொண்டே ஒரு ராணுவத் தொடரின் நம்பகத்தன்மையை அளப்பது முன்னாள் படைவீரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நம் வேலூர் மாவட்டத்தில் இப்படிப் பார்க்கும் கண்கள் மிகுதி என்பதால், பொட்டுப் பிழையும் தப்பாது. ஆயினும் இத்தகைய பிழைகளால் யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் வருவது வேறு இடத்தில். அந்தத் தொடரின் நாயகன், இரவுப் பார்வைக் குறைபாட்டால் போர் விமானம் ஓட்டுவதை விட்டுவிட்டு வழக்கறிஞரான கடற்படை அதிகாரி. அவரே சம்பவ இடத்துக்குப் போய்த் துப்புத் துலக்குகிறார். ஒரு வாரம் அரசுத் தரப்பில் வாதாடுகிறார், மறு வாரம் எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வாதாடுகிறார். எதிர் மேசையில் இருப்பவரும் அதே அலுவலகத்தில் அடுத்த அறையில் வேலை பார்ப்பவர். அமெரிக்காவிலேயே இவ்வளவும் ஒரே ஆளின் வேலையன்று. குற்றப் புலனாய்வுக்குக் கடற்படையில் தனி அமைப்பு இருக்கிறது. அந்த அமைப்பைப் பற்றிய ‘என்சிஐஎஸ்’ தொடரே ‘ஜாக்’கின் கிளையாகப் பிறந்ததுதான். முக்கால் மணி நேரத்தில் கதையை முடிக்க வேண்டியவர்கள் நான்கு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுவது இயல்பே. அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பார்த்துப் பழகிய கண், வழக்கு என்பது நீதிமன்றத்துக்குள் தொடங்கி அங்கேயே முடிவது என்று நம்பத் தொடங்கிவிடுகிறது.

நம் ராணுவச் சட்டத்தின் வேர் அமெரிக்காவில் இல்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களில் பிடிபட்ட பலரைப் பீரங்கி வாயிலும் தூக்குமேடையிலும் கொன்ற பிரிட்டிஷ் ராணுவ நீதியின் வழியில் வந்த 1911ஆம் ஆண்டுச் சட்டம்தான், திருத்தி எழுதப்பட்டு 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமாக இன்று இருக்கிறது. ராணுவ நீதிமன்றம் என்றால் என்னவென்று நம் ஊர் தொலைக்காட்சி வருவதற்கு நெடுங்காலம் முன்பே தெரிந்துகொண்டது.

இச்சட்டத்தில் கோர்ட் மார்ஷல் எனப்படும் ராணுவ நீதிமன்றம் நான்கு வகைப்படும். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகளும், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலில் குறைந்தது மூன்று அதிகாரிகளும் அமர்வார்கள். மூன்றாவதான சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷல் போர்ச் சூழல் போன்ற நிலைமைகளுக்கானது. தொடரில் கறுப்பு அங்கி அணிந்து நடுவில் அமரும் நீதிபதி, அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவர். நம்மிடம் அவருக்கு இணையான ஆள் இல்லை. ஜட்ஜ் அட்வகேட் என்று ஜாக் பிரிவைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் கட்டாயம் இருப்பார். அவர் சட்டம் இன்னதென்று எடுத்துச் சொல்வார், சாட்சியத்தைத் தொகுத்துரைப்பார், ஆனால் அவருக்கு வாக்கு கிடையாது. குற்றமா இல்லையா என்று தீர்மானிப்பவர்கள் உறுப்பினர்களான அதிகாரிகளே. அமெரிக்காவில் அவர்கள் சீட்டில் எழுதி ரகசியமாக வாக்களிப்பார்கள். இங்கே வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், அதுவும் பதவியில் மிக இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும். கர்னல் சொன்ன பிறகு கேப்டன் மாற்றிச் சொல்லத் தயங்குவார் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். சரிபாதி வாக்குகள் பிரிந்தால் தீர்ப்பு எதிரிக்குச் சாதகம்.

தொடரில் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் தாய் அழுவாள், நாயகன் தொப்பியை எடுத்துக்கொண்டு நடப்பான், படம் முடியும். இங்கே ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல்களின் தீர்ப்பு மேலதிகாரி உறுதி செய்யும்வரை செல்லாது. அவர் அதை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். அந்த இடைவெளியில் குடும்பம் தவிக்கும் தவிப்பை எந்தத் தொடரும் காட்டியதில்லை. காட்டினால் பார்ப்பவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள்.

உங்கள் அண்ணன் “சி.ஓ. அறையிலேயே முடிந்துவிடும்” என்று சொன்னது நான்காவது வகையான சம்மரி கோர்ட் மார்ஷலையும், அதற்கும் கீழான பேஷியையும், அதாவது கமாண்டிங் அதிகாரி முன் நிறுத்தி நடத்தும் விசாரணையையும், மனத்தில் வைத்துத்தான். லீவு முடிந்தும் தாமதமாகத் திரும்புவது ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் வருகிறது. கோர்ட் மார்ஷல் அதற்கு அதிகபட்சமாக மூன்றாண்டு சிறை விதிக்கலாம். நடைமுறையில் இத்தகைய வழக்குகள் பல மேலே போவதில்லை. தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் ஜவானைக் கமாண்டிங் அதிகாரியின் முன் மார்ச் செய்து நிறுத்துவார்கள். அவர் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்யலாம். 80ஆம் பிரிவின்படி 28 நாள்வரை ராணுவக் காவலில் சிறை உள்ளிட்ட தண்டனையைத் தாமே கொடுத்து முடிக்கலாம். மேல் நடவடிக்கை தேவையென்று கருதினால் சாட்சியச் சுருக்கம் பதிவு செய்ய உத்தரவிடலாம். அதன் பின்னர் சம்மரி கோர்ட் மார்ஷல் நடந்தால், அந்தக் கமாண்டிங் அதிகாரி ஒருவரே நீதிமன்றம். உடன் இருவர் அமர்ந்திருப்பார்கள், அவர்களுக்கு வாக்கில்லை. அதிகாரி லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேற்பட்டவரோ என்றால் ஓராண்டுவரை சிறை விதிக்கலாம், பணிநீக்கமும் செய்யலாம். எதிரிக்குத் துணையாக வழக்கறிஞர் உட்பட ஒருவர் இருக்கலாம், காதோடு ஆலோசனை சொல்லலாம். எழுந்து நின்று சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ வாதாடவோ முடியாது. தொடரில் அரை மணி நேரம் ஓடும் அந்த அனல் பறக்கும் காட்சிக்கு இங்கே இடமே இல்லை.

ஆகையால் பையனின் வழக்கில் உயிரான கட்டம் 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 23ஆம் விதியின்கீழ் பதிவாகும் சாட்சியச் சுருக்கம்தான். படையில் இதை ‘சம்மரி ஆஃப் எவிடன்ஸ்’ என்பார்கள். ஒவ்வொரு சாட்சியும் ஜவானின் முன்னிலையில் சொல்ல, அது எழுதப்படும்; விரும்பிய கேள்வியைச் சாட்சியிடம் கேட்க ஜவானுக்கு உரிமை உண்டு; கேள்வியும் பதிலும் அந்த ஏட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும். இரும்புக் கட்டிலும் மடக்கு மேசையும் கிடக்கும் கம்பெனி அலுவலக அறையில், தட்டச்சு செய்யும் கிளார்க்கின் முன்னிலையில் நடக்கும் காரியம் என்பதால் ஜவான்கள் அதை ஒரு சடங்காக நினைத்துவிடுகிறார்கள்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் என் மேசைக்கு அணைக்கட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் கொண்டுவந்த ஏட்டை நான் மறக்கவில்லை. மொத்தம் நான்கு சாட்சிகள். நால்வரின் வாக்குமூலத்துக்கும் கீழே, எழுத்து மாறாமல் ஒரே வரி: “எதிரி குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை.” ஒவ்வொன்றின் கீழும் அவருடைய கையெழுத்து. மூன்றாவது சாட்சி கூறிய தேதி தவறு என்பதற்கு ரயில் டிக்கெட்டே அவர் சட்டைப் பையில் இருந்தது. ஏன் கேட்கவில்லை என்றேன். “கோர்ட்டுல வக்கீல் கேட்டுக்குவார்னு உட்டுட்டேன் சார்” என்றார். டிக்கெட்டை நான் வாங்கிப் பார்த்தபோது மை மங்கி, மடித்த இடத்தில் கிழிந்திருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னதில் பாதி சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் தரப்பு வாக்குமூலம் கொடுக்கும்படி ஜவானைக் கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்காமல் இருக்கலாம் என்று அவனிடம் எச்சரித்தே கேட்க வேண்டும். அந்த மௌனம் அவன் உரிமை. ஆனால் சாட்சியிடம் கேள்வி கேட்பது வாக்குமூலமன்று. இரண்டையும் ஒன்றாக்கி வாயைக் கட்டிக்கொண்டவன் தன் கையிலிருந்த ஒரே ஆயுதத்தைக் கீழே வைத்துவிடுகிறான்.

தொடரில் உண்மைக்கு நெருக்கமாக வரும் ஒன்றை நம் பார்வையாளர்கள் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிடுகிறார்கள்: மேலதிகாரியின் விருப்பம் வழக்கின் போக்கை அழுத்துவது. அதை மிகை என்று நினைப்பவர்கள் 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் படிக்க வேண்டும். தன் அதிகாரியைப் பற்றி மேலிடத்துக்கு நேராகப் புகார் எழுதியதற்காக 28 நாள் சிறையிலிருந்த ஒரு சிப்பாய், சாப்பிடும்படி இட்ட கட்டளையை மீறிச் சாப்பிட மறுத்தார் என்று சம்மரி கோர்ட் மார்ஷல் நடத்தி ஓராண்டுக் கடுங்காவல் விதித்தார்கள், வேலையும் போயிற்று. அவர் யார்மீது புகார் எழுதினாரோ, அந்த அதிகாரியே விசாரணையில் அமர்ந்திருந்தார். அமர்ந்தவர்மீது ஆட்சேபம் உண்டா என்று 130ஆம் பிரிவின்படி சிப்பாயைக் கேட்கவில்லை என்றும், தண்டனை குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாதது என்றும் கூறி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சாப்பிடாததற்கு ஓராண்டுச் சிறை என்று ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று நாமே சொல்லியிருப்போம்.

உங்கள் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேர நினைப்பது நல்லதே, ஆனால் தொடரின் நாயகியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நம் ஜாக் அதிகாரியின் பொழுது பெரும்பாலும் கோப்பில் கழிகிறது: தளபதிகளுக்குச் சட்ட ஆலோசனை, விசாரணைக்கு முந்தைய பரிசீலனை, ஜட்ஜ் அட்வகேட்டாக அமர்வது. எதிரிக்காக மேசையைத் தட்டி வாதாடுவதே உங்கள் விருப்பமென்றால், வெளியிலிருந்து வழக்கறிஞராக வருவதே வழி. சட்டப் பட்டத்தில் 55 விழுக்காடும், 21 முதல் 27 வரையுள்ள வயதும், கிளாட் எனும் சட்ட நுழைவுத் தேர்வின் முதுநிலை மதிப்பெண்ணும் கேட்கிறார்கள், பிறகு எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், சென்னை பரங்கிமலையில் பயிற்சி. இப்பிரிவில் பெண்களுக்கென்று இடங்களைக் குறைத்து ஒதுக்கியது செல்லாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது உங்களுக்குச் சாதகம்.

இனி அந்தப் பையனின் வழக்குக்கு வருவோம். தண்டனை பணிநீக்கமாகவோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையாகவோ அமைந்தால், சம்மரி கோர்ட் மார்ஷலை எதிர்த்துச் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காட்பாடியில் ரயில் ஏறி அங்கே போகும் நிலை வந்தால் துணை நிற்கப்போவது அந்தச் சாட்சியச் சுருக்க ஏடே. ஆகவே இன்றிரவே போன் செய்து, சாட்சியச் சுருக்கம் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடிந்திருந்தால், அதன் நகலும் குற்றப்பத்திரிகையும் கையில் வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். விசாரணைக்கு முன் 96 மணி நேரமாவது அவனுக்குக் கிடைக்க வேண்டும், களப்பணியில் இருந்தால் 24 மணி நேரம். முடியவில்லையென்றால், அந்த 19 நாளும் அவன் எங்கே இருந்தான் என்பதற்கான மருத்துவச் சீட்டு, பயணச் சீட்டு, லீவு நீட்டிப்புக் கேட்டு அனுப்பிய செய்தி ஆகியவற்றை வீட்டார் தேடிப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பட்டும். லீவு கிளார்க் சாட்சி சொல்லி முடித்ததும் அவன் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: நீட்டிப்புக் கேட்டு நான் அனுப்பிய செய்தி எந்தத் தேதியில் அலுவலகத்துக்கு வந்தது, அது யாரிடம் கொடுக்கப்பட்டது. கேட்ட இரண்டும் பதிலோடு ஏட்டில் ஏறியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகே அவன் கையெழுத்துப் போட வேண்டும்.