எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: சின்னப் படகும் பிடிப்புச் சான்றிதழும்

கேள்வி: 9 மீட்டர் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன், செவுள் வலைதான் போடுகிறேன். மீன் எடுக்கும் ஏஜென்ட், "ஐரோப்பாவுக்குப் போகிற மீனுக்கு இனி சர்டிஃபிகேட் கட்டாயம், அது இல்லையென்றால் உங்களுடையது திருட்டு மீன்" என்கிறார். படகுப் பதிவின் நகலும், எழுதாத படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார். "மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கிலோவுக்கு ஒரு தொகை கழிக்கப் போகிறாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் 'திருட்டு மீன்' பயம். ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரியிலிருந்து, தன் சந்தைக்கு வரும் கடல் மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது, அதாவது எந்தப் படகு பிடித்தது, விதிப்படி பிடித்ததா என்று காட்டும் தாள். ஐரோப்பாவுக்குப் போகிற மீனுக்கு மட்டும்தான் அது. நீங்கள் கரையில் ஏலம் விட்டு, உள்ளூரில் சமைத்துச் சாப்பிடுகிற மீனுக்கும் அந்தச் சான்றிதழுக்கும் சம்பந்தமே இல்லை. சான்றிதழ் இல்லை என்பதால் யாரும் திருடன் ஆகிவிடுவதில்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு 2001ல் ஒரு செயல்திட்டம் கொண்டுவந்தபோது சட்டவிரோத மீன்பிடி, கணக்கில் காட்டாத மீன்பிடி, ஒழுங்குமுறைக்குள் வராத மீன்பிடி என்று மூன்றையும் ஒரே பெயரில் கட்டிவிட்டார்கள். இன்னொரு நாட்டின் கொடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலை வழித்துப் போகும் பெரிய கப்பலும், நாள்தோறும் இருபது கிலோ பிடித்து வருகிற, ஆனால் அதைக் குறித்துக்கொள்ள எந்த அதிகாரியும் கரைக்கு வராத சின்னப் படகும் ஒரே மூட்டையில். உலகில் பிடிபடும் மீனில் சுமார் 40 சதவீதம் சிறு மீனவர்கள் பிடிப்பது என்று அதே அமைப்புதான் சொல்கிறது. அவ்வளவு பேரைக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்யாமல் விட்டுவிட்டு, கணக்கு இல்லை என்று அவர்களையே குறை சொல்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சரி, சான்றிதழுக்கு வருவோம். சின்னப் படகுகளுக்கு எளிய படிவம் ஒன்று தனியாக உண்டு. இழுவை வலை இல்லாத படகு 12 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் போதும். இழுவை வலை என்றால் 8 மீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேறு வழிகளும் இருக்கின்றன, உங்களுக்கு அவை தேவைப்படாது. செவுள் வலை இழுவை வலை கிடையாது, ஆகவே உங்கள் 9 மீட்டர் படகு இதற்குள் தாராளமாக வரும்.

இந்த எளிய படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட வேண்டியவர் ஏற்றுமதியாளர். மீன் கொடுத்த படகுகளின் பட்டியலை அவர் சேர்க்க வேண்டும், உங்கள் நாட்டு அதிகாரி அதைச் சரிபார்க்க வேண்டும். படகுக்காரர் கையெழுத்து அதில் கிடையாது. பெரிய படகுகளுக்கான முழுப் படிவத்தில்தான் படகுத் தலைவர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் ஏஜென்ட் நீட்டுகிற காகிதம் எது? அவருக்கு வேண்டியது உங்கள் மீன் இல்லை, உங்கள் படகு எண். எங்கேயோ, எப்படியோ பிடித்த மூன்று டன்னை உங்கள் எண்ணில் எழுதிவிட்டால் அது நல்ல மீன் ஆகிவிடும். பிற்பாடு யாராவது கணக்குப் பார்த்தால், இவ்வளவு சின்னப் படகில் மூன்று டன் எப்படி வந்தது என்று உங்களைத்தான் கேட்பார்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் சான்றிதழ்களைக் கணினியில் பதிந்தே ஆக வேண்டும். சுத்தமான படகு எண்களுக்கு இப்போது இவ்வளவு அலைச்சல் ஏன் என்பதற்கு அதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எளிய படிவம் செல்ல வேண்டுமானால் படகு பதிவான நாட்டிலேயே மீனைக் கரை இறக்கியிருக்க வேண்டும். நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்கு மாற்றிக் கொடுத்தால் செல்லாது. பக்கத்து நாட்டுக் கரையில் விலை நன்றாக இருக்கிறதே என்று அங்கே இறக்கினாலும் செல்லாது. படகு சின்னதுதானே, பாதி வழியில் ஏற்றிவிட்டால் டீசல் மிச்சம்தானே என்று ஏஜென்ட் சொல்வார். அந்த டீசல் மிச்சத்துக்காகச் சலுகையை இழக்காதீர்கள். கரைக்கு வந்து, எடை போட்டு, சீட்டு வாங்கியபிறகு விற்பனை.

இன்னொன்று: இந்த விதியில் தண்டனை நாட்டுக்கே விழும். 2015ல் இலங்கைக் கொடிப் படகுகள் பிடித்த மீனை ஐரோப்பா தடை செய்தது. அவர்கள் சொன்ன முக்கியமான குறை, ஆழ்கடல் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பது, ஆனால் தடை எல்லாப் படகுக்கும். 2016ல்தான் விலக்கினார்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, மீன் வகை, எடை, எந்தப் பக்கம் பிடித்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள். எடைச் சீட்டை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஏற்றுமதியாளர் படகு எண் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அன்றைய தேதியும் எடையும் சேர்த்து எழுதிய தாளில் கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். கிலோவுக்குத் தொகை கழிக்கப் பார்த்தால், விண்ணப்பம் செய்வது ஏற்றுமதியாளர் வேலை, அதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றே மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்தத் தேதியில், இன்னாரிடம், எழுதாத படிவத்தில் கையெழுத்துக் கொடுத்தேன், என் படகு ஒரு நடைக்கு இவ்வளவுதான் ஏற்றும், அதற்கு மேல் என் எண்ணில் வருவது என் மீன் இல்லை. வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், "பார்த்துக்கொள்ளலாம், போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.