1935ல அந்தச் சுவர் செவப்பா இல்ல தம்பி

அன்புள்ள சார்,
நான் கிராஃபிக் டிசைனர். பழைய டிராவல் போஸ்டர் ஸ்டைல்ல பழைய கோவா பாம் ஜீசஸ் பசிலிக்காவ வரைஞ்சு, கீழ 'கோவாவுக்கு வாருங்கள், 1935'ன்னு போட்டு விக்கிறேன். நல்லா போகுது. ஆனா ஒரு நண்பன், இது கலையே இல்ல, நாஸ்டால்ஜியா வியாபாரம்னு சொல்லிட்டான். அதுலேர்ந்து மனசு சரியில்ல. நீங்க என்ன சொல்றீங்க?

தம்பி,
விக்குதுல்ல, அப்புறம் என்ன மனசு சரியில்ல. அந்தக் காலத்து போஸ்டரே ரயில்வேக்காரனும் கப்பல் கம்பெனிக்காரனும் டிக்கெட் விக்கப் போட்டதுதான். நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க.

படம் அழகா இருக்கு. அஞ்சு கலரோட நிறுத்திட்டீங்க பாருங்க, அதுலயே கை தெரியுது. அந்தக் காலத்து லித்தோ அச்சுல ஒவ்வொரு கலருக்கும் தனியா ஒரு கல்லோ தகடோ வேணும், கலர் கூடினா செலவும் கூடும், அதனாலதான் அவங்க தட்டையா போட்டாங்க. இப்ப நூறு ஷேடு அடிச்சு மேல ஒரு கசங்கின காகித ஃபில்டர போட்டுட்டு விண்டேஜ்ங்கறானுங்க.

ஆனா அந்தச் செவப்பு! இதுக்காக யாரையாவது திட்டணும்னு ரொம்ப நாளா இருந்தேன், நீங்க மாட்டினீங்க. முகப்ப விடுங்க, இடது பக்கம் நீளமா போகுதே அந்தச் சுவர், 1935ல அது சுண்ணாம்புப் பூச்சோட வெள்ளையா இருந்த சுவர். 1594ல கட்ட ஆரம்பிச்சு 1605ல அர்ச்சிச்ச கோயில், முன்னூறு வருஷத்துக்கு மேல பூச்சோடதான் நின்னுச்சு. 1950கள்ல பல்தசார் காஸ்ட்ரோன்னு ஒரு போர்ச்சுகீசிய ஆர்க்கிடெக்ட், இன்னும் பழசா தெரியட்டும்னு பூச்ச உரிச்சு உள்ள இருந்த லேட்டரைட்ங்கற செவப்புக் கல்ல வெளிய காட்டிட்டார். நாம பழமைன்னு வாய பொளந்து பாக்கற அந்த நிறம் எங்கப்பாவ விட சின்னது.

லேட்டரைட் மழைக்குத் தாங்காது, சுண்ணாம்புதான் அதுக்கு சட்டை. ஒரு ஆகஸ்ட்ல போயிருந்தப்ப, மழை விட்ட நேரம், சுவத்துல விரல வெச்சு லேசா இழுத்தேன், பொலபொலன்னு உதிர்ந்து விரல் நுனி பூரா செம்மண்ணு, கல்லு ஓட்டைக்குள்ள பாசி, அதுல ஒரு குட்டிச் செடி வேற. வாட்ச்மேன் சத்தம் போட்டார், நியாயம்தான். உள்ள சவேரியார் உடம்ப வெள்ளிப் பேழையில வெச்சுக் காப்பாத்தறாங்க, வெளிய சுவர் கரையுது. 2020ல கோயில் ரெக்டரே இதப் பத்தி வெளிப்படையா பேசினார். திரும்பப் பூசணும்னு நான் சொன்னா பாதி பேரு சண்டைக்கு வர்றான், செவப்புதான் அழகாம். ஏன் வரமாட்டான், பாக்கற போஸ்டர் அத்தனையும் செவப்பு. உங்களுதும் சேத்து.

வெள்ளையில ஒண்ணு வரைங்க. பின்னாடி தென்னம்பச்சை இருக்கறதால நல்லா எடுக்கும், காகிதத்தோட வெள்ளையவே விட்டா ஒரு கலரும் மிச்சம். செவப்பு விட மனசில்லன்னா 1935ஐ அழிச்சுட்டு 1965ன்னு போடுங்க.

அப்புறம், அடுத்தது எதிர்ல இருக்கற சே கதீட்ரல்னா, கோபுரம் ஒண்ணுதான், இன்னொண்ணு 1776லயே விழுந்துருச்சு. அழகுக்குன்னு ரெண்டு வெச்சு அனுப்பிறாதீங்க.