மாமியாருக்கு மூட்டுவலி, சின்னவனுக்கு நாலு வயது: மியூனிக்கிலிருந்து எங்கே போகலாம்?

கேள்வி: கணவரின் வேலைக்காக மியூனிக் வந்து ஆறு மாதம் ஆகிறது. கார் இல்லை. பிள்ளைகளுக்கு 8 வயது, 4 வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் இரண்டு மாதம் எங்களோடு இருப்பார்கள். மாமியாருக்கு மூட்டுவலி. போன ஞாயிறு நொய்ஷ்வான்ஸ்டைன் மாளிகைக்குப் போனோம். டிக்கெட் தீர்ந்துவிட்டதால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். கடைகளும் மூடியிருந்ததால் பசியோடு அலைந்ததுதான் மிச்சம். அதிகச் செலவில்லாமல் எல்லோரும் நிம்மதியாகப் போய்வர என்ன வழி?

பதில்: உள்ளே போகாததற்கு ரொம்ப வருத்தப்படாதீர்கள். உங்கள் மாமியாரின் முழங்கால் தப்பித்தது. அந்த மாளிகைக்குள் ஏற 165 படி, இறங்க 181 படி. அதற்கு முன்பே அடிவாரத்திலிருந்து அரை மணிக்கு மேல் ஏற்றம். குதிரை வண்டி வாசல்வரை போகாது. பஸ்ஸில் மேலே போனாலும் கொஞ்ச தூரம் செங்குத்துச் சரிவில் இறங்க வேண்டும். பனி உறைந்தால் அந்த பஸ்ஸும் கிடையாது. இத்தனையும் அரை மணி நேரச் சுற்றுக்காக. உள்ளே படம் எடுக்கவும் விடமாட்டார்கள்.

பெரியவனையும் கணவரையும் மட்டும் ஒரு நாள் அனுப்பிவையுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். அதில் அச்சிட்ட நேரத்தைத் தவறவிட்டால் டிக்கெட் வீண். மியூனிக்கிலிருந்து மாளிகைக்குப் பக்கத்து ஊரான ஃப்யூஸனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், அப்புறம் பஸ், அப்புறம் ஏற்றம் என்று கணக்குப் போட்டு, மதியத்துக்கு மேல் உள்ள நேரமாக எடுப்பது நல்லது.

பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும்போது, கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவருக்காக இடம் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு என் முதல் சிபாரிசு கீம்சே ஏரி. நொய்ஷ்வான்ஸ்டைன் கட்டிய அதே இரண்டாம் லுட்விக் மன்னர், 1878-இல் இந்த ஏரித் தீவில் பிரான்சின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்து இன்னொரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். அவ்வளவு கொட்டிக் கட்டியதில் அவர் தங்கியது சுமார் பத்தே நாள்! உங்கள் மாமனார் இந்தக் கதையை ஊருக்குப் போயும் சொல்லிக்கொண்டிருப்பார்.

சால்ஸ்பர்க் பக்கம் போகும் ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஏரிக்கரை ஊரான ப்ரீன். அங்கிருந்து படகுத்துறை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மாமியாருக்காக பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்துவிடுங்கள். தீவில் இறங்கியபின் மாளிகைக்குச் சுமார் இருபது நிமிட நடை, ஆனால் மலையேற்றம் இல்லை. கோடையில் குதிரை வண்டி ஓடும். மாளிகைக்குள் படிகள் உண்டு. முடியாதென்றால் அவர் தோட்டத்தில் நீரூற்றுப் பக்கம் உட்காரட்டும், நீங்கள் மாறி மாறி உள்ளே போய் வாருங்கள். எனக்கென்னவோ மாளிகையைவிடப் பக்கத்திலுள்ள ஃப்ரௌவன் தீவுதான் பிடிக்கும். கார்களே கிடையாது, சின்னவன் கையை விட்டு ஓடினாலும் பதற வேண்டாம், தண்ணீர்க் கரையில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். 782-இல் தொடங்கிய கன்னியர் மடம் அங்கே இருக்கிறது.

சரி, டிக்கெட் கணக்கு. பயர்ன் டிக்கெட் என்பது பவேரியா மாநிலத்துக்குள் சாதாரண ரயில்களில் செல்லும் ஒரு நாள் டிக்கெட். ஒன்றில் ஐந்து பேர்வரை போகலாம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர்; 8 வயதுப் பையனைச் சேர்த்தாலும் ஐந்துக்குள் அடங்கிவிடும். ஆறு வயதுக்குக் கீழே இலவசம் என்பதால் சின்னவன் கணக்கிலேயே வரமாட்டான். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் அது செல்லும். சனி, ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாமனார், மாமியார் அடிக்கடி வெளியே போவார்கள் என்றால், ஜெர்மனி முழுக்கச் சாதாரண ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் லாபம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அது மாதச் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். அந்த டிக்கெட்டில் பெரியவனுக்கு இடம் இல்லை, அவனுக்குத் தனியாக எடுக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டிலும் ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஏற முடியாது.

ஏறும்போது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். மியூனிக்கிலிருந்து மலைப்பக்கம் போகும் சில ரயில்கள் நடுவழியில் இரண்டு மூன்றாகப் பிரியும். டெகெர்ன்சே ஏரிக்குக் கிளம்பிய நாங்கள், ஜன்னலோர இடம் கிடைத்ததே என்று பின்பெட்டியில் ஏறி, வேறொரு ஊரான லெங்கிரீஸில் போய் இறங்கினோம். அம்மா மட்டும் "இதுவும் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

சாப்பாடு. ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் எதுவும் திறக்காது; பெரிய ரயில் நிலையத்துக் கடைகளை மட்டும் நம்பலாம். அதனால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று கூச்சம் வேண்டாம். பவேரியாவின் பழைய பாணி பியர் கார்டன்களில் (பியர் விற்கும் திறந்தவெளி உணவகங்கள்), மேசைவிரிப்பு போடாத மேசைகளில், வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். பெயரைக் கேட்டு மாமியார் முகம் சுளிப்பார்தான். பிள்ளைகளுக்கு ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே, பெரியவர்களுக்குத் தண்ணீரோ எலுமிச்சை பானமோ போதும். பக்கத்து மேசையில் ஒரு ஜெர்மன் பாட்டி முள்ளங்கியும் ரொட்டியும் டப்பாவில் கொண்டுவந்து திறப்பதைப் பார்த்தால் மாமியாருக்கும் கூச்சம் போய்விடும். தூரப் பயணம் முடியாத நாளில் ஊருக்குள்ளேயே ஹிர்ஷ்கார்டன் போங்கள்: மர நிழல், வேலிக்குள் மான்கள்.

பயர்ன் டிக்கெட் சால்ஸ்பர்க்வரை செல்லும். ஆனால் அது ஆஸ்திரியா. திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ரயிலேறிச் சோதிக்கலாம். பிள்ளைகள் உட்பட எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டும், உங்கள் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். கூடவே கழிப்பறைக்கு ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்களும்.