டேனியல் பூன் மாதிரி ஆளுங்களோட குடும்பம் அந்தக் காட்டுல எப்படித்தான் வாழ்ந்துச்சு?

பூன் பதினெட்டாம் நூற்றாண்டுல அமெரிக்காவோட எல்லைக் காடுகள்ல திரிஞ்ச வேட்டைக்காரர். அவர் சாகசம் எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, நீங்க குடும்பத்தைப் பத்தி கேட்டதால நான் அவர் பொண்டாட்டி ரெபெக்கா பக்கத்துல இருந்து சொல்றேன், ஏன்னா அந்த வீட்டை ஓட்டினது அந்தம்மாதான்.

பூன் 1734ல பென்சில்வேனியால குவேக்கர்ங்கிற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்துல பதினொரு பிள்ளைங்கள்ல ஆறாவதா பொறந்தவர். பிள்ளைங்க சபைக்கு வெளிய கல்யாணம் பண்ணதுல தகராறாகி அப்பாவை சபைய விட்டே தள்ளி வச்சுட்டாங்க, அவங்க 1750ல கிளம்பி நார்த் கரோலினா யாட்கின் பள்ளத்தாக்குக்கு வந்துட்டாங்க. அங்கதான் 1756ல ரெபெக்கா பிரையனோட கல்யாணம். பத்து பிள்ளைங்க, அதுல ஒண்ணு கைக்குழந்தையிலயே போயிடுச்சு, இது போக டேனியலோட செத்துப்போன அண்ணன் பசங்களையும் அந்தம்மாதான் வளர்த்தாங்க.

இவர் பொழப்பு வேட்டை. இலையுதிர் காலத்துல போனா வசந்தத்துலதான் வருவார், மான் தோலை வித்து கடனை அடைக்கணும், அடைச்ச கையோட அடுத்த கடன். 1769ல கென்டக்கி பக்கம் போனவர் திரும்பி வர ரெண்டு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள ஷானிங்கிற பழங்குடி ஆளுங்க பிடிச்சு சேர்த்து வச்ச தோலையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. அந்த ரெண்டு வருஷமும் சோளம் போட்டு, மாடு கறந்து, துணி நெய்து, குழந்தைங்களுக்கு சோறு போட்டது யாருன்னு சொல்லவே வேணாம்.

1773ல குடும்பத்தோட கென்டக்கிக்கு கிளம்புறாங்க. பின்னாடி தனியா வந்துட்டிருந்த சின்னக் கூட்டத்தை வழியிலயே பழங்குடி ஆளுங்க தாக்கினதுல மூத்த பையன் ஜேம்ஸ் சித்திரவதை பட்டு செத்தான், பதினாறு வயசு. ரெபெக்கா கொடுத்தனுப்பின லினன் துணியில சுத்தித்தான் புதைச்சாங்க. அப்புறமும் விடல, 1775ல பூன் கம்பர்லாந்து கணவாய் வழியா பாதை வெட்டி பூன்ஸ்பரோ கோட்டைய ஆரம்பிச்சார், அதே வருஷம் ரெபெக்காவும் அங்க வந்துட்டாங்க. அடுத்த ஜூலைல மக ஜெமைமாவையும் இன்னும் ரெண்டு பொண்ணுங்களையும் ஆத்துல படகுல இருந்தப்ப பழங்குடி ஆளுங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணுங்க சும்மா போகல, குச்சிய ஒடிச்சுப் போட்டு, துணிய கிழிச்சுப் போட்டு தடம் விட்டுட்டே போனாங்க, மூணாவது நாள் மீட்டாச்சு.

உப்பு கதை இன்னும் ஒண்ணு. உப்பு இல்லன்னா கறி தாங்காது, கறி தாங்கலன்னா குளிர்காலம் ஓடாது, அதனால ப்ளூ லிக்ஸ் உப்பு ஊத்துக்கு முப்பது பேர் கிட்ட போய் பெரிய கொப்பரைல தண்ணிய காய்ச்சிட்டிருந்தாங்க, ஒரு மூட்டை உப்புக்கே பல நூறு காலன் தண்ணி காய்ச்சணும். 1778 பிப்ரவரில அதுக்குப் பக்கத்துலதான் பூன் ஷானிகிட்ட மாட்டினார். அவங்க தலைவர் பிளாக்ஃபிஷ் அவரையே மகனா தத்து எடுத்துக்கிட்டார்! ஜூன்ல கோட்டைய தாக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் தப்பிச்சு நாலு நாள்ல 160 மைல் ஓடி வந்தா வீட்ல ரெபெக்கா இல்ல. புருஷன் செத்துட்டான்னு நினைச்சு பிள்ளைங்களை கூட்டிக்கிட்டு நார்த் கரோலினாவுக்கே போயிட்டாங்க. கல்யாணமான ஜெமைமா மட்டும்தான் இருந்தா. என்னைக் கேட்டா ரெபெக்கா போனதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா 1779ல இவர் போய் திரும்ப கூட்டிட்டு வந்துட்டார், 1782ல அதே ப்ளூ லிக்ஸ்ல நடந்த சண்டைல இன்னொரு பையன் இஸ்ரேலும் அப்பா கண்ணு முன்னாடியே செத்தான்.

இவ்வளவுக்கும் யார் நிலம் அது? ஹெண்டர்சன்னு ஒருத்தர் 1775ல செரோக்கிங்கிற இன்னொரு பழங்குடி கிட்ட வாங்கினேன்னார், அங்க வேட்டையாடிட்டிருந்த ஷானிக்கு அதுல சம்மதமே இல்ல, அந்தப் பகுதி தன்னோடதுன்னு சொன்ன விர்ஜீனியா அரசும் அந்தக் கிரயத்தை செல்லாதுன்னுடுச்சு. அப்புறம் ஒரே இடத்துக்கு நாலு பேர் பட்டா வச்சுக்கிட்டு நிக்கிற வில்லங்கம்தான். பூன் சர்வேயரா வேலை பார்த்தவர், இருந்தும் ஆயிரக்கணக்கான ஏக்கரை கோர்ட்டுக் கேஸ்லயும் கடன்லயும் விட்டார். நடுவுல ஒஹையோ ஆத்தங்கரை லைம்ஸ்டோன்ல சத்திரம் வச்சாங்க, அங்க சமையலையும் வர்றவங்களையும் கவனிச்சது ரெபெக்கா. கூடவே அடிமைங்களும் வேலை செஞ்சாங்க, பூன் அடிமை வச்சிருந்தவர்தான், இதை நிறைய பேர் சொல்ல மாட்டாங்க.

1799ல அறுபத்தஞ்சை நெருங்குற வயசுல மறுபடியும் மூட்டை கட்டி அப்ப ஸ்பெயின் கைல இருந்த மிசௌரிக்கு போனாங்க. அங்க கிடைச்ச நிலமும் அமெரிக்கா அந்தப் பகுதிய வாங்கினதும் பத்திரம் சரியில்லன்னு போச்சு. 1814ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொஞ்சத்தை திருப்பிக் கொடுத்துச்சு, அதுல பெரும்பகுதிய வித்து பழைய கடனை அடைச்சார். ரெபெக்கா அதைப் பார்க்கல, 1813லயே ஜெமைமா வீட்டுல இறந்துட்டாங்க. டேனியல் 1820ல கடைசிப் பையன் நேத்தன் வீட்ல, 85 வயசுல.