அப்பப்பாவின் கணக்குக் கொப்பி

கேள்வி: எங்கள் அப்பப்பா 1938 முதல் 1951 வரை திருகோணமலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். துறைமுகக் கூலியாட்களுக்குக் கடன் கொடுத்து அவர் எழுதிய ஏழு கொப்பிகள் எங்களிடம் உள்ளன. உலகப் பொருளாதார ஏற்றத்தாழ்வை ஆராய்வோர் பழைய தரவுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதாக அறிகிறேன். இவை அவர்களுக்குப் பயன்படுமா?
வாசகி, உப்புவெளி

பதில்: நிச்சயமாகப் பயன்படும். கறையான் அரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

நாடுகளின் நெடுங்கால வருமானத்தை ஒப்பிடப் பலரும் எடுத்தாள்வது, பொருளியலாளர் அங்கஸ் மடிசன் தொடங்கிவைத்து, இப்போது நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் பேணிவரும் தரவுத்தொகுப்பாகும். 169 நாடுகளை உள்ளடக்கிய அதன் 2023ஆம் ஆண்டுப் பதிப்பை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் அதிலுள்ளது தலா வருமானம், அதாவது சராசரி. ஒரு நாட்டுக்குள் யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்றறிய ஆய்வாளர்கள் வரிப் பதிவேடுகளை நாடுகிறார்கள். இலங்கையிலோ வருமான வரி 1932இல்தான் வந்தது. வந்த பின்னரும், நாட்கூலிக்கு மூட்டை சுமந்தவர் அந்த ஏட்டில் ஏறவில்லை. அவரை உங்கள் அப்பப்பாவின் கொப்பியில்தான் காணலாம்.

கூலியை வெறும் ரூபாயாகப் பார்த்தால் எதுவும் விளங்காது. ஆகவே பொருளியல் வரலாற்றாசிரியர் ரொபர்ட் அலன், குடும்பமொன்று உயிர்வாழத் தேவையான தானியம், எண்ணெய், துணி, விறகு முதலியவற்றை ஒரு கூடையாகக் கொண்டு, தொழிலாளியின் ஆண்டுக் கூலி அத்தகைய கூடைகள் எத்தனையை வாங்கும் என்று கணக்கிட்டு, லண்டனையும் பீஜிங்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். திருகோணமலைக்கும் அக்கேள்வியைக் கேட்கச் சில்லறை விலை வேண்டும். "அரிசி 2 கொத்து, கடன்" என்ற ஒரு வரி, விலையும் திகதியும் சேர்ந்திருந்தால், அதற்கு விடையின் ஒரு துண்டாகிறது. பர்மா அரிசியின் வரத்து நின்று, ஏப்ரல் 9இல் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய 1942ஆம் ஆண்டின் பக்கங்களை முதலில் பாருங்கள்.

பகிரும்போது கொத்தைக் கிலோவாக மாற்றிவிட்டு மூல அளவைக் கைவிடாதீர்கள். அந்த மாற்றத்தில் பிழை நேர்ந்தால் பின்னர் எவராலும் திருத்த இயலாது. எழுதப்படாத நாட்களை வெற்றிடமாகவே விடுங்கள். கடன்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இவ்வூரிலேயே வாழ்கிறார்கள் என்பதால், பெயர்களுக்குப் பதிலாக எண்களை இடுங்கள். ஒரே ஆளுக்கு ஏழு கொப்பிகளிலும் ஒரே எண் இருக்கட்டும். அப்போதுதான் அக்குடும்பத்தின் கடன் ஆண்டுக்காண்டு ஏறியதா, தீர்ந்ததா என்பதை ஆய்வாளர் அறிவார்.